பிட் அளவு இருக்கட்டும், முதலில் பூட் அளவைப் பாருங்கள்

மன்னார்குடித் தம்பி ஒருவர் கேட்டிருந்ததன் சுருக்கம் இது. ம்யூனிக்கில் வேலை பார்க்கிறார். அங்கே பனியில் சறுக்கும் ஸ்கீ பலகை ஒரு ஜோடியைப் பழசாக வாங்கியிருக்கிறார். பூட்டைப் பலகையோடு பிடித்து வைக்கும் பைண்டிங், மலை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மாற்றிக்கொள்ளும் வகை. பழைய சொந்தக்காரரின் பூட் நீளம் 311 மி.மீ., இவருடையது 298. பைண்டிங்கின் பின்பகுதியான ஹீலை இவரே முன்னால் திருகிக் கொண்டுவந்து, 'க்ளிக்' என்று சத்தம் வந்ததும் நிறுத்தியிருக்கிறார். இரண்டு நாள் மலைக்குப் போனதில், இறங்கும்போது வலது கால் இரண்டு முறை முன்பக்கமாகத் தானே கழன்றுவிட்டது. ஏறும்போது இடது ஸ்கீயின் பிரேக் (பூட் கழன்றால் ஸ்கீ ஓடிவிடாமல் பனியில் குத்தி நிறுத்தும் கைகள்) அடிக்கடி விழுந்து பனியை உழுதிருக்கிறது. இப்போது ஸ்கீயோடு ஊருக்கு வந்திருக்கிறார். ஜனவரியில் நண்பர்களோடு காஷ்மீரின் குல்மார்க் பயணம். பெரியப்பாவுக்கு மரப்பட்டறை இருக்கிறது. "பழையவர் பொருத்தியது தப்பு என்று நினைக்கிறேன். கழற்றிவிட்டுப் புது இடத்தில் துளை போடலாமா, எத்தனை மி.மீ. பிட்?" என்பது கேள்வி. கடைசி வரியில், பைண்டிங்குக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா என்று பெரியப்பா கேட்கச் சொன்னதாகவும் இருக்கிறது.

தம்பி, நீங்கள் எழுதியிருப்பது பிட் அளவு பற்றி. தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: கால் கழல்வதற்குக் காரணம் பைண்டிங் உட்கார்ந்திருக்கும் இடமா, அல்லது அது உங்கள் பூட்டுக்கு இன்னும் அளவு வைக்கப்படவில்லையா? நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று எனக்குப் படுகிறது. பொருத்திய இடம் தப்பென்றால் இரண்டு காலிலும் ஏதாவது ஒரு வகையில் காட்டியிருக்கும். வலதில் ஒரு கோளாறு, இடதில் வேறு கோளாறு என்றால், அது அநேகமாக ஸ்க்ரூ திருப்பிய எண்ணிக்கையிலும் அழுக்கிலும் இருக்கிறது. ட்ரில்லை உள்ளே வைக்கச் சொல்லுங்கள்.

நான் எந்தத் தகுதியில் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாபநாசம் பக்கம் சொந்த ஊர். ராணுவத்தில் இருந்த வருடங்களில் பாதி பனியில் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு ஐந்து குளிர்காலம், சுற்றுலாக்காரர்களுக்கு ஸ்கீ வாடகைக்கு விடும் ஒரு கடையின் பின்கட்டில் பொருத்துகிற, பழுதுபார்க்கிற வேலை செய்தேன். இப்போது குறுவையும் சம்பாவும்தான். பைண்டிங் கம்பெனிகள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிற டெக்னீஷியன் அல்ல நான். கையால் கற்றவன். என் பேச்சை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு விளக்கம். சாதாரண ஸ்கீயில் பூட்டின் முன்னும் பின்னும் பைண்டிங் கவ்விப் பிடித்திருக்கும். லிஃப்டில் ஏறி, சறுக்கி இறங்க அது போதும். லிஃப்ட் இல்லாத மலையில் நடந்து ஏற வேண்டுமென்றால் குதிகால் தூக்கி நடக்க வேண்டும். ஸ்கீயின் அடியில் ஒரே பக்கமாக மயிர் படிந்த 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டிக்கொண்டால் அது பின்னால் வழுக்காது. ஆஸ்திரியரான ஃப்ரிட்ஸ் பார்ட்டெல் 1980களில் பூட்டின் முனையில் இருபுறமும் சின்னக் குழி வைத்து, இரண்டு ஊசி அதைப் பிடிக்கும்படி ஒரு பைண்டிங் செய்தார். எடை குறைவு, நடக்கச் சுகம். ஆனால் வேகமாக இறங்குகிறவர்களுக்குப் பழைய கவ்வுப் பிடியின் நம்பிக்கை அதில் வரவில்லை. அதனால் இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்தார்கள். 2018 குளிர்காலத்தில் கடைக்கு வந்த சாலமன் ஷிஃப்ட் ஒரு வழி: ஏறும்போது ஊசி, லீவரை மாற்றினால் இறங்கும்போது கவ்வுப் பிடி. மார்க்கர் ட்யூக் பி.டி. இன்னொரு வழி: முன்பிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ஊசியில் ஏறலாம். உங்களுடையது முதல் வகை. எந்தக் கம்பெனி என்பது நான் சொல்லப்போகிறதற்கு அவ்வளவு முக்கியமில்லை.

முதலில் பொருத்திய இடத்தைப் பார்த்துவிடுவோம். இந்த வகையில் முன்பகுதி நகராது. ஹீல் மட்டும் ஒரு தண்டவாளத்தில் முன்னும் பின்னும் போகும். பல மாடல்களில் அந்த ஓட்டம் 30 மி.மீ. வரை இருக்கும். பழையவர் நடுவில் வைத்துப் பொருத்தியிருந்தால் இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கம் 15. உங்கள் வித்தியாசம் 13. ஆக துளை போடாமலே உங்கள் பூட் உள்ளே வரும். முன்பகுதி நிலையாக இருப்பதால் பூட்டின் நடுக்கோடு வித்தியாசத்தில் பாதி, அதாவது ஆறரை மி.மீ. முன்னால் போகும். பூட்டின் பக்கவாட்டில் நடுக்குறி இருக்கும், ஸ்கீயின் மேலும் கம்பெனி போட்ட கோடு இருக்கும். இரண்டும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். ஆறரை மி.மீ. முன்னால் நிற்பதால் கால் கழலாது, இது நிச்சயம். சறுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியுமா என்பது ஆளைப் பொறுத்தது. எனக்குத் தெரியாது, தெரிந்தது என்று சத்தியம் செய்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது அந்த 'க்ளிக்'. நீங்கள் ஏமாந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஹீல் பூட்டைக் கவ்விவிட்டது என்பதற்கு மட்டும்தான் அந்தச் சத்தம் சாட்சி. எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறது என்று அது சொல்லாது. மண்வெட்டிக் காம்பில் ஆப்பு வைக்கிறோமே, அதுபோல. ஆப்பு உள்ளே போய்விட்டாலே ஆயிற்று என்று நினைத்து வரப்பு வெட்டப் போனால், நாலாவது வெட்டில் தலை கழன்று பக்கத்து வயலில் கிடக்கும். ஹீல் பகுதி ஒரு ஸ்பிரிங்கின் பலத்தால் பூட்டை முன்பிடிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். முன்னழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கீ வளையும்போது ஹீலுக்கும் முன்பிடிக்கும் இடையிலான தூரம் மாறும். ஸ்பிரிங் அந்த மாற்றத்தைத் தின்றுகொள்ளும். அழுத்தம் குறைந்தால் பூட் ஒரு மயிரிழை பின்னால் போகும், முன்பிடி விட்டுவிடும். உங்கள் வலது காலுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

சரிபார்ப்பது சுலபம். பூட்டை மாட்டிய நிலையில் ஹீலின் பின்புறம் உள்ள குறிகாட்டியைப் பாருங்கள். பெரும்பாலான மாடலில் ஒரு சின்னத் தகடு அல்லது ஸ்க்ரூ தலை இருக்கும். அது சுற்றியிருக்கும் உறையோடு மட்டமாக இருக்க வேண்டும், அல்லது கோட்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் மாடலின் கையேட்டுப் படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி. இல்லையென்றால் பூட்டைக் கழற்றி, அரைச் சுற்று திருப்பி, மறுபடி மாட்டிப் பாருங்கள். மாட்டிய பூட்டோடு திருப்ப வேண்டாம், மரை தேயும். ஒவ்வொரு தடவையும் பூட்டின் அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பூட்டுக்குள் ஒரு ஆள் நின்று முன்னால் சாய்ந்து பார்த்த பிறகு குறிகாட்டியை இன்னொரு முறை பாருங்கள். இரண்டு ஸ்கீக்கும் தனித்தனியாக. இடதில் சரியாக இருக்கிறது, அதே எண்ணிக்கைச் சுற்று வலதிலும் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்தது பலரும் கவனிக்காமல் விடுவது. பூட்டின் முன்பக்கத்துக்கு அடியில் பக்கவாட்டில் நகரும் ஒரு வழுக்குத் தட்டு இருக்கும். விழும்போது பூட் அதன்மேல் வழுக்கித்தான் வெளியேறும். மாற்றும் வகைப் பைண்டிங்கில் இந்தத் தட்டின் உயரத்தை ஒவ்வொரு பூட்டுக்கும் வைக்க வேண்டும், ஏனென்றால் பூட்டின் அடிப்பாகம் ஒரே மாதிரி இல்லை. சமதளமான கெட்டி பிளாஸ்டிக் அடி ஒன்று, அது ஐ.எஸ்.ஓ. 5355. நடப்பதற்காக ரப்பர் வைத்து முனை வளைந்தது இன்னொன்று, அது 9523. கிரிப்வாக் என்பது மூன்றாவது. பழையவருடைய பூட் ஒரு வகை, உங்களுடையது வேறு வகை என்றால் தட்டு அவருக்கு வைத்த உயரத்திலேயே நிற்கும். பூட்டுக்கும் தட்டுக்கும் இடையே சுமார் அரை மி.மீ. இருக்க வேண்டும் என்பது இந்த வகைக்கான பொதுவான அளவு. கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சட்டம். அளக்க ஃபீலர் கேஜ் இருந்தால் நல்லது. அந்தத் தடிமனுக்குப் பக்கத்தில் வரும் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்து இழுத்தால் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும். வராமல் மாட்டிக்கொண்டால் தட்டு உயரம், கழல வேண்டிய நேரத்தில் கழலாது. கார்டு காற்றில் வருகிற மாதிரி வந்தால் தட்டு தாழ்வு, பூட் ஆடும், வேண்டாத நேரத்தில் கழலும். வலது காலில் முன்னழுத்தம் சரியாக இருந்து தட்டு மட்டும் தாழ்ந்திருந்தால்கூட நீங்கள் சொன்ன கோளாறு வரும். இந்த இரண்டில் எது என்று இங்கே உட்கார்ந்து சொல்ல என்னால் முடியாது. இரண்டையும் பார்த்துவிடுங்கள். தட்டின் ஸ்க்ரூ அதிர்ச்சியில் மெல்ல இறங்கக்கூடியது என்பதால், வைத்த உயரத்தில் ஒரு மார்க்கர் கோடு போட்டு, நாலு நாளுக்கு ஒரு தரம் பார்ப்பது என் பழக்கம்.

மூன்றாவது சந்தேகம், லீவர் முழுக்க மாறாமல் இருந்திருக்கலாம். ஏறி முடித்து மேலே நிற்கும்போது முன்பிடியின் அடியில் பனி கெட்டியாக அடைந்திருக்கும். அந்த நிலையில் இறக்கத்துக்கு மாற்றினால் லீவர் முக்கால்வாசி போய் நிற்கும், பார்வைக்கு முழுசாகப் போன மாதிரி தெரியும். ஸ்டிக்கின் நுனியால் குத்தி எடுத்துவிட்டு, கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பூட் முனையில் உள்ள உலோகக் குழிகளிலும் மண்ணோ ஐஸோ நிற்கும். ஊசியில் மாட்டிய பிறகு காலை முன்னும் பின்னும் நாலு முறை ஆட்டினால் அது வெளியே வந்துவிடும்.

இதோடு சேர்ந்த ஒரு எச்சரிக்கை. ஏற்றத்துக்காகப் பூட்டி வைத்த நிலையில் பைண்டிங் கழலாது. வடிவமைப்பே அப்படி. இரண்டு முறை கழன்ற கோபத்தில், "பூட்டியே இறங்கிவிடலாம்" என்று எவனாவது யோசனை சொல்வான். கடையில் இருந்தபோது ஒரு ஆள் அப்படி இறங்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஸ்கீ காலிலேயே தொங்க ஸ்லெட்ஜில் கொண்டுவந்தார்கள். பனிச்சரிவில் மாட்டினால் இன்னும் மோசம், ஸ்கீ நங்கூரம் மாதிரி ஆளைக் கீழே இழுக்கும். நம் ஊரில் மாட்டை நுகத்தில் கட்டும் பூட்டாங்கயிற்றின் முடிச்சை நினைத்துக்கொள்ளுங்கள். உழும்போது பிடித்திருக்க வேண்டும், மாடு சேற்றில் படுத்துவிட்டால் ஒரே இழுப்பில் வரவும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் செய்கிற முடிச்சைக் கட்டியவனை வயலை விட்டே விரட்டுவார்கள்.

இடது பிரேக். ஏறும்போது பிரேக் கைகளை மேலே மடக்கி ஒரு கொக்கி பிடித்து வைத்திருக்கும். அது விழுவதற்கு நான் பார்த்த காரணங்கள் மூன்று. ஒன்று, மாற்றும்போது பிரேக்கைக் கையால் முழுக்க அழுத்தாமல் லீவரை மட்டும் திருப்புவது. கொக்கி பாதிப் பல்லில் நிற்கும், நூறு அடியில் விட்டுவிடும். இரண்டு, கொக்கியில் ஐஸ். மூன்று, பிரேக் கை வளைந்து ஸ்கீயின் ஓரத்தில் உரசுவது. பிரேக் அகலமும் ஸ்கீயின் நடு அகலமும் பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள். பிரேக் குறுகலாக இருந்தால் யாரோ வளைத்துத்தான் மாட்டியிருப்பார்கள். மேஜைமேல் வைத்து இருபது முறை மடக்கி விட்டுப் பாருங்கள். இருபதும் நின்றால் கொக்கி நல்லது, மலையில் விழுந்ததற்குக் காரணம் ஐஸ் அல்லது கை. ஒன்றிரண்டு விழுந்தால் கொக்கி தேய்ந்திருக்கிறது, அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும். அதுவரை சைக்கிள் ட்யூபில் ஒரு பட்டை வெட்டி, ஏறும்போது பிரேக்கைக் கட்டிக்கொள்ளலாம். சிரிக்காதீர்கள், மன்னார்குடியில் கிடைக்கிற மிகச் சிறந்த ஸ்கீ உதிரிப்பாகம் அதுதான். ஆனால் இறங்குவதற்கு முன் அவிழ்க்க வேண்டும். பிரேக் இல்லாமல் கழன்ற ஸ்கீ கீழே நிற்கிறவர்மேல் ஈட்டி மாதிரி போகும்.

கழலும் எண், டி.ஐ.என். என்று எல்லோரும் சொல்வது, பழையவர் வைத்ததையே வைத்திருக்கிறீர்களா? அதை நகல் எடுக்க முடியாது. உயரம், எடை, வயது, பூட் அடியின் நீளம், எவ்வளவு முரட்டுத்தனமாகச் சறுக்குகிறவர் என்ற வகை, இவ்வளவையும் வைத்து அட்டவணையில் பார்ப்பது அது. பூட் சிறியதானால் நெம்புகோல் சிறியது, அதே முறுக்கு விசைக்கு எண் கூடும். உங்கள் 298, அட்டவணையில் 291 முதல் 310 வரையுள்ள கட்டத்தில் வரும். அவருடைய 311 அடுத்த கட்டம். இரண்டு பேருக்கும் எடையும் உயரமும் ஒன்றாகவே இருந்தாலும் எண் வேறு. கழல்கிறதே என்று எண்ணை ஏற்றிக்கொண்டே போவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி. முன்னழுத்தமும் தட்டும் சரியாகும்வரை அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

எல்லாம் வைத்த பிறகு எண் சொல்கிறபடி பைண்டிங் உண்மையில் கழல்கிறதா என்று பார்க்க ஒரு விசை அளக்கும் கருவி வேண்டும். கடைகள் அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 11088 என்ற தர விதி இருக்கிறது. என் அறிவின் எல்லையும் பெரியப்பா பட்டறையின் எல்லையும் இந்த இடம்தான். பழைய ஸ்பிரிங் 7 என்று காட்டிவிட்டு எவ்வளவில் விடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவு: பாயோ ஜமுக்காளமோ விரித்து, பூட்டை மாட்டி நின்று, காலை மெதுவாக உள்பக்கம் திருகிப் பாருங்கள். தசையின் பலத்திலேயே ஒரு கட்டத்தில் முன்பிடி விட வேண்டும், விட்டதும் தானே நடுவுக்குத் திரும்ப வேண்டும். வெடுக்கென்று திருகாதீர்கள், முழங்கால் போய்விடும். இது தோராயச் சோதனை, அவ்வளவுதான். குல்மார்க்கில் முதல் நாள் தெரிந்த, சமமான சரிவில் மட்டும் சறுக்குங்கள். ம்யூனிக் திரும்பியதும் ஒரு கடையில் கருவியில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் அது சாதாரண வேலை.

இவ்வளவும் பார்த்த பிறகும் துளை போட வேண்டிய நிலைமை இருக்கலாம். எப்போது என்றால்: பழையவர் ஓட்டத்தின் ஒரு கோடியில் வைத்துப் பொருத்தியிருந்து, உங்கள் பூட்டுக்கு ஹீல் எட்டாமல் போனால், அல்லது ஸ்கீயை மடியில் வைத்து முன்பிடியைப் பிடித்து முறுக்கும்போது, அதற்கும் ஸ்கீயின் மேல்தோலுக்கும் இடையே இடைவெளி திறந்து மூடினால். ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறதா என்றும் பாருங்கள். பார்ப்பதற்கு முன் திருப்புளி. நம் கடைகளில் 'ஸ்டார்' என்று கொடுப்பது இதற்கு உதவாது. ஸ்க்ரூ தலையில் கூட்டல் குறியின் நடுவே நாலு மெல்லிய கோடு தெரியும், அது பொசிடிரைவ் மூன்றாம் நம்பர். ஸ்டார் நுனி அதில் முழுக்க உட்காராது, இரண்டே திருப்பில் தலையைத் தின்றுவிடும். கும்பகோணத்திலோ திருச்சியிலோ பெரிய டூல்ஸ் கடையில் நம்பர் சொல்லிக் கேளுங்கள். ஸ்க்ரூ வர மறுத்தால் அதன் தலையில் சால்டரிங் அயர்னை ஒரு நிமிடம் வைத்தால் உள்ளே இருக்கிற பசை இளகும்.

நீங்கள் கேட்ட பிட் அளவு, நிறைய ஸ்கீகளில் பைண்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருக்கும். உள்ளே டைட்டனால் என்ற அலுமினியக் கலவைத் தகடு இருந்தால் 4.1 மி.மீ., மரமும் கண்ணாடி இழையும் மட்டும் என்றால் 3.6. ஆழம் 9 மி.மீ. இந்த 9தான் உயிர். ஸ்கீ கிராதிக்கட்டை அல்ல. அடியில் மெழுகு பிடிக்கும் பிளாஸ்டிக் தளம் காத்துக்கொண்டிருக்கிறது. நான் முதன்முதலில் தனியாகப் போட்ட துளையில், தடைவளையம் மாட்டாமல் பிட்டில் டேப் சுற்றி வைத்து, டேப் நழுவி, அடித்தளத்தில் கொப்புளம் மாதிரி ஒரு மேடு எழும்பியது. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதச் சம்பளம் சொல்லிற்று. பெரியப்பாவிடம் பிட்டுக்கு மாட்டும் இரும்பு வளையம் இல்லையென்றால் லேத்தில் ஒன்று கடைந்து வாங்குங்கள். தகடு உள்ள ஸ்கீயில் துளைக்கு மரை வெட்டும் கருவியும் தேவை.

துளை இடத்துக்குக் கம்பெனி காகித அச்சு கொடுக்கும். செராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தால் நூற்றுக்கு நூறு அளவில் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்குப் பொருந்தும்படி தானே சுருக்கிக்கொள்ளும் வசதி எப்போதும் போட்டே இருக்கும், மூன்று சதவீதம் சுருங்கினால் 300 மி.மீ.க்கு 9 மி.மீ. காலி. அச்சில் ஒரு அளவுகோல் கோடு இருக்கும், ஸ்கேல் வைத்து அளந்த பிறகே ஒட்டுங்கள். பழைய துளைக்கும் புதுத் துளைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டராவது வேண்டும். அதைவிடக் குறைந்தால் தாங்குமா என்பதில் பழக்கமுள்ளவர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. நான் செய்ய மாட்டேன். பழைய துளையை முளை அடித்து எபாக்ஸியால் அடைத்துவிடுங்கள். புதுத் துளையின் விளிம்பில் மேல்தோல் எரிமலை வாய் மாதிரி எழும்பி நிற்கும், சீவி மட்டமாக்க வேண்டும், இல்லையென்றால் பைண்டிங் படியாது. ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் தாங்கும் மரப்பசை ஒரு சொட்டு: ஸ்க்ரூ இறங்கச் சுலபம், அதைவிட முக்கியம், உள்மரத்துக்குள் ஈரம் போகாது. கடைசித் திருப்பு கையால்தான், மிஷினால் அல்ல. ஒன்றை முழுக்க இறுக்கி அடுத்ததற்குப் போகாமல் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மரை தின்ற துளை ஒன்றிரண்டு என்றால் இரும்புப் பஞ்சும் மெதுவாக இறுகும் எபாக்ஸியும் வைத்து ஒரு நாள் விட்டால் பிடிக்கும். நாலும் தின்றிருந்தால் அந்த இடத்தை நம்பாதீர்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் குடைகிற கைகள் உள்ள ஜில்லா இது. துளை போடத் தெரியாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆசாரிக்கு மரம் தெரியும், ஆனால் இதில் பாதிதான் மரம்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம் என்று பெரியப்பாவிடம் என் வணக்கத்தோடு சொல்லுங்கள். நம் வீட்டிலேயே மார்கழிக் காலையில் பாட்டிலில் உறைந்து நிற்கிறதே, சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டி. குல்மார்க் 2,650 மீட்டர் உயரம், ஜனவரி. ஸ்பிரிங்குக்குள் மெழுகுவத்தி ஊற்றின மாதிரி ஆகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள், கம்பெனி உள்ளே வைத்த குளிர் தாங்கும் கிரீஸைக் கரைத்துவிடும். அழுக்கை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் போதும். ஓரத்து எஃகுக்கு மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், ஐப்பசி கார்த்திகைக் காற்றில் இரண்டு வாரத்தில் துருப் பிடிக்கும். ஸ்கின் பட்டைகளை ஒட்டும் பக்கத்தை ஒன்றோடொன்று மடித்து, ஓட்டுக்குக் கீழே உள்ள பரண் தவிர வேறு எங்காவது வையுங்கள். சும்மா இருக்கும் மாதங்களில் டி.ஐ.என். ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்க வேண்டுமா என்று அடுத்த கேள்வி வரும். சிலர் செய்கிறார்கள், அதனால் நன்மை என்று நிரூபித்து நான் பார்த்ததில்லை. தளர்த்தியதை மறந்துவிட்டு மலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. மன்னார்குடியில் 30 டிகிரியில் வைத்த முன்னழுத்தம் அங்கே அப்படியே இருக்காது. பூட்டின் பிளாஸ்டிக் 40 டிகிரி குறைந்தால் முந்நூறு மி.மீ.க்கு ஒரு மில்லிமீட்டரை ஒட்டிச் சுருங்கும். ஸ்பிரிங் தாங்கிக்கொள்ளும், ஆனால் குறிகாட்டி விளிம்பில் இருந்தால் வெளியே போய்விடும். அறையை விட்டு வெளியே வந்து, பூட் அரை மணி நேரம் குளிர்ந்த பிறகு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தட்டின் அரை மி.மீ. இடைவெளிக்கு இந்தக் கவலை இல்லை, அந்தத் திசையில் பிளாஸ்டிக் தடிமன் குறைவு.

மூன்று படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. பூட்டை மாட்டிய நிலையில் வலது ஹீலின் பின்புறம், பூட்டின் அடிப்பாகத்தில் இருக்கும் எண் தெரியும்படி ஒன்று, மடக்கிய நிலையில் இடது பிரேக்கின் கொக்கி. முதல் இரண்டைப் பார்த்து எத்தனைச் சுற்று என்று ஓரளவு சொல்லிவிடலாம். கொக்கி தேய்ந்திருக்கிறதா என்பது படத்தில் தெரிந்தால் உங்கள் அதிர்ஷ்டம், தெரியாவிட்டால் அந்த இருபது தடவைக் கணக்கை எழுதுங்கள். நாற்று பறிக்கிற வேலை முடிந்து ராத்திரிதான் பார்ப்பேன்.